காதைப் பாரு, பிரஷரைப் பாரு... வல்லாரை அப்புறம்

அம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சிருக்குன்னு போன் பண்ற தங்கச்சிங்க எல்லாரும் முதல்ல கேக்கிறது ஒண்ணைத்தான்: "அக்கா, ஞாபக சக்திக்கு என்ன குடுக்கலாம்?" வல்லாரை மாத்திரையா, ஊறவெச்ச பாதாமா, டிவியில காட்டுற பவுடரா? குடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னா போன்லயே முகம் சுருங்குறது தெரியும். ஆனா செய்யறதுக்கு நிறைய இருக்கு. அதுல பாதி, தலைக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். காது, கண்ணு, பிரஷர், சுகர், மாத்திரை டப்பா, ஈரமான பாத்ரூம் தரை. மூளையைக் காப்பாத்துற வேலை பெரும்பாலும் மூளைக்கு வெளியிலதான் நடக்குது. நான் சொல்ல வர்றதே அதுதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. லான்செட்னு ஒரு பெரிய மருத்துவ இதழ், டிமென்ஷியாங்கிற மறதி நோய்க்குன்னே நிபுணர் குழு வெச்சிருக்கு. நம்ம கையில மாத்த முடிஞ்ச காரணங்கள்னு 2017ல 9 சொன்னாங்க, 2020ல 12 ஆச்சு, 2024ல 14 ஆச்சு. உலகத்துல வர்ற டிமென்ஷியாவுல கிட்டத்தட்ட 45 சதவீதம் இந்த 14 காரணங்களோட தொடர்புள்ளது, தடுக்கவோ தள்ளிப் போடவோ வாய்ப்பு இருக்குன்னு அவங்க கணக்கு. மீதி வயசு, பரம்பரை, இன்னும் பிடிபடாதது. அதனால எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்ச வீட்லயும் வரும். வந்தவங்க வீட்டுக்குப் போய், "அண்ணா வாக்கிங் போகலை, அதான்"னு பேசிட்டு வராதே.

நம்ம நாட்டுல 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்குன்னு 2023ல வெளியான தேசிய ஆய்வு சொல்லுது. ஆம்பளைங்களைவிட பொம்பளைங்களுக்கு அதிகம், டவுனைவிட கிராமத்துல அதிகம். அப்படின்னா உன் தெருவுலயே ரெண்டு மூணு பேர் இருப்பாங்க. "வயசாயிடுச்சு"ங்கிற ஒரே வார்த்தையில எல்லாரையும் மூடி வெச்சிருக்கோம்.

எது சாதாரண மறதி?

கல்யாண வீட்ல பார்த்தவங்க பேர் வரலை, வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது ஞாபகம் வந்துடுச்சுன்னா விடு. பழைய கதையையே நூறு தடவை சொல்றாங்களா? அது நம்ம பெரியவங்களோட பிறவிக்குணம், அதுக்கு மருந்து கிடையாது. ஆனா "பால்காரருக்குக் காசு குடுத்தாச்சா?"ன்னு கேட்டு, நீ பதில் சொல்லி, பத்து நிமிஷத்துல அதே கேள்வி, கேட்ட நினைப்பே இல்லாம திரும்ப வந்தா கவனி.

கைப்பழக்கமான வேலைதான் எனக்குத் தெரிஞ்சு நல்ல சாட்சி. முப்பது வருஷமா வத்தக்குழம்பு வெச்சவங்க, புளியைக் கரைச்சு ஊத்திட்டு, அடுத்தது என்னன்னு தெரியாம கரண்டியோட அடுப்பு முன்னாடி நிக்கிறாங்க. புள்ளிக்கோலத்துல புள்ளியெல்லாம் சரியா வெச்சுட்டு, கம்பி எங்க திரும்பணும்னு தெரியாம பாதியில எழுந்துக்கிறாங்க. தினம் போற கோயில்ல இருந்து வர்ற வழி குழம்புது. ஐநூறு ரூபா நோட்டையும் ஐம்பது ரூபா நோட்டையும் கையில வெச்சுக்கிட்டு கடைக்காரர்கிட்டயே நீட்டி, "நீயே எடுத்துக்கப்பா"ங்கிறாங்க. இதெல்லாம் நடந்தா டாக்டரைப் பார்க்கணும்.

சிலருக்கு மறதி முதல்ல வராது, குணம்தான் மாறும். அதிர்ந்து பேசாத மனுஷன் கெட்ட வார்த்தை பேசுவார். "என் வளையலை மருமக எடுத்துட்டா"ன்னு மாமியார் ஊரெல்லாம் சொல்லுவாங்க. வளையல் அரிசி டப்பாவுக்குள்ள இருக்கும், ஒளிச்சு வெச்சதே அவங்கதான், ஆனா அது அவங்களுக்கே தெரியாது. இந்த ஒரு பழிச்சொல்லாலயே எத்தனை வீடு ரெண்டாயிருக்கு! எழுபது வயசுல திடீர்னு முளைக்கிற சந்தேகத்தைக் குணக்கேடுன்னு எடுத்துக்காதே, அறிகுறியா பாரு.

ஒரு நோட்டு போடு. தேதி, என்ன நடந்தது, எத்தனை நாளா, அவ்வளவுதான். டாக்டர் முன்னாடி உக்காந்ததும் நம்ம பெரியவங்க அத்தனை பேரும் பளிச்சுன்னு ஆயிடுவாங்க, "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்"னு சிரிப்பாங்க. அப்போ அந்த நோட்டுதான் பேசும்.

ஒரே ராத்திரியில வந்தா அது வேற

நேத்து வரைக்கும் பேப்பர் படிச்சவர் இன்னிக்கு ராத்திரி சுவத்துல யாரோ நிக்கிறாங்கன்னு சொல்றார், வேட்டியை அவுக்கிறார், மகனை யாருன்னு கேக்கிறார். இது மறதி நோய் இல்லை, காலையில பார்த்துக்கலாம்னு தள்ளவும் கூடாது. மூத்திரத்துல கிருமி, நிமோனியா, உடம்புல சோடியம் குறையறது, சுகர் இறங்கிப் போறது, தண்ணி குடிக்காம வறண்டு போறது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, இதுல ஏதோ ஒண்ணா இருக்கும். வாய் கோணினா, கை தொங்கினா, பேச்சு குழறினா பக்கவாதம். அப்போ 108 ஆம்புலன்ஸ்தான், யோசிக்கவே வேண்டாம். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாதான் உண்டு.

மெதுவா வர்ற மறதியிலயும் சரி பண்ணக்கூடியது இருக்கு. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மன அழுத்தம், எப்பவோ பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தலைக்குள்ள மெதுவா கசிஞ்சு சேர்ந்த ரத்தம். இதுல பி12ஐப் பத்தி ஒரு வார்த்தை. சுகருக்கு வருஷக்கணக்கா மெட்ஃபார்மின், வயித்துக்குக் காலையில வெறும் வயித்துல ஒரு பேன்டோப்ரசோல், சாப்பாடு சுத்த சைவம். நம்ம பெரியவங்கள்ல பாதிப் பேர் இந்தக் கணக்குதானே? அந்த ரெண்டு மாத்திரையும் பி12 உடம்புல சேரறதைக் குறைக்கும், காய்கறியில அது கிடையாது. ஒரு ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சுடும், ஊசியோ மாத்திரையோ போட்டா சரியாகும். இந்த டெஸ்ட் எல்லாம் பண்ணாம நேரா எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடாதே.

மாத்திரை டப்பாவைக் கவுத்துப் பாரு

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய். பேப்பரை விரிச்சு, அப்பாவோட மாத்திரை டப்பாவை அதுமேல கவுத்துடு. ஹார்ட் டாக்டர் எழுதினது ஒரு கம்பெனி பேர்ல, சுகர் டாக்டர் எழுதினது இன்னொரு கம்பெனி பேர்ல, உள்ள இருக்கிற மருந்து ரெண்டும் ஒண்ணா இருக்கும். அட்டைக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கிற மருந்துப் பேரைப் படி. சளிக்குன்னு மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கின குளோர்பெனிரமின், தூக்கத்துக்கு அல்பிரசோலம், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், இதெல்லாம் வயசானவங்களை மந்தமாக்கும், குழப்பும், நடக்கும்போது தள்ளாட வைக்கும். ஆனா நீயா நிறுத்திடாதே. தூக்க மாத்திரையைப் பட்டுனு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகும். அத்தனையையும் ஒரு பையில போட்டு டாக்டர் மேஜைமேல வை, "இதுல எது வேணாம்?"னு கேளு. எது வேணும்னு கேட்டா இன்னும் ரெண்டு சேரும்.

காது

லான்செட் குழுவோட 14 காரணங்கள்ல அதிகப் பங்கு வர்றது ரெண்டுக்கு: காது கேட்காம போறது, கெட்ட கொலஸ்ட்ரால். ரெண்டும் தலா 7 சதவீதம். கொலஸ்ட்ராலுக்காவது ஒரு மாத்திரை போடுவோம். காதுக்கு நாம செய்யறது சத்தமா கத்துறது, அப்புறம் கத்துறதையும் விட்டுடறது.

கவனிச்சுப் பாரு. தாத்தா டிவி சத்தம் தெரு முனை வரைக்கும் கேக்கும். "ஆங்? ஆங்?"னு ரெண்டு தடவை கேட்டுட்டு, மூணாவது தடவை கேக்கக் கூச்சப்பட்டு, புரிஞ்ச மாதிரி தலையாட்டிடுவார். நாமளும் "ஒண்ணுமில்லை, விடுங்க"ன்னு சொல்லிடுவோம். கொஞ்ச நாள்ல அவர்கிட்ட யாரும் எதுவும் சொல்றதில்லை. பேத்தியோட வேலை, எதிர்வீட்டுச் சண்டை, கறிக்கடை விலை எதுவும் அவர் காதுக்குப் போகாது. சத்தமும் போகலை, சேதியும் போகலைன்னா மூளைக்கு என்னதான் வேலை மிச்சம்?

முதல்ல இ.என்.டி. டாக்டர்கிட்ட அழுக்கு அடைச்சிருக்கான்னு பார்க்கச் சொல்லு. ஹேர்பின், காய்ச்சின எண்ணெய் எதுவும் வேண்டாம். அப்புறம் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேக்குதுன்னு பார்க்கிற டெஸ்ட். மெஷின் வேணும்னு சொன்னா, காதுக்கு ஏத்த மாதிரி ட்யூன் பண்ணித் தர்றவங்ககிட்ட வாங்கு. ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்கு வர்றது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டும், அவ்வளவுதான். அமெரிக்காவுல 70லேர்ந்து 84 வயசு வரைக்கும் கிட்டத்தட்ட ஆயிரம் பேரை மூணு வருஷம் பார்த்த ஆய்வு 2023ல வந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தா மெஷின் போட்டதால பெரிய வித்தியாசம் தெரியலை. ஏற்கெனவே ஆபத்து அதிகமா இருந்தவங்கள்ல மட்டும், சிந்தனைத் திறன் சரியற வேகம் 48 சதவீதம் குறைஞ்சது. பிரஷர், சுகர்னு இருக்கிற நம்ம வீட்டு ஆளுங்க எந்தப் பக்கம்னு நீயே பார்த்துக்கோ.

வாங்கினதும் நடக்கிறது எல்லா வீட்லயும் ஒண்ணுதான். போட்ட உடனே ஃபேன் சத்தம், பாத்திரம் விழற சத்தம், ஹாரன் எல்லாம் மண்டைக்குள்ள இறங்கும். "எடுத்துத் தூரப் போடு"ன்னு பீரோவுல வெச்சுடுவாங்க. முதல் வாரம் வீட்டுக்குள்ள, டிவியை அணைச்சுட்டு, ஒருத்தர் மட்டும் பேசற நேரத்துல ஒரு மணி, ரெண்டு மணி நேரம் போடச் சொல்லு. கொஞ்சம் கொஞ்சமா கூட்டு. வாங்கின இடத்துக்கு ரெண்டு மூணு தடவை கூட்டிட்டுப் போய்ச் சத்தத்தைத் திருத்திக்கணும், அது வாங்கின காசுல அடக்கமான்னு முதல்லயே கேட்டுக்கோ. வசதி இல்லாத 60 வயசு தாண்டினவங்களுக்கு காது மெஷின், கண்ணாடி, பல்செட்டு எல்லாம் இலவசமா தர்ற மத்திய அரசுத் திட்டம் ஒண்ணு இருக்கு, ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனான்னு பேரு. கலெக்டர் ஆபீஸ்ல விசாரி.

கண்ணு கதையும் இதேதான். புரை முத்தட்டும்னு காத்திருந்த காலம் போயிடுச்சு. அரவிந்த் மாதிரி கண் ஆஸ்பத்திரிகள் இருக்கிற ஊர்ல கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட எந்தக் காரணமும் கிடையாது.

பிரஷர்

இது அம்மாவுக்கு மட்டும் இல்லை, உனக்கும்தான். நாப்பது வயசுலேர்ந்தே மேல் அளவை 130 இல்லேன்னா அதுக்குக் கீழ வெச்சுக்கணும்ங்கிறது லான்செட் குழுவோட பரிந்துரை. மூளையோட உள்பகுதிக்கு ரத்தம் கொண்டு போறது தலைமுடி மாதிரி மெல்லிசான குழாய்ங்க. சொட்டுநீர்க் குழாய்ல மோட்டார் வேகத்தைக் கூட்டிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? ஒரு இடத்துல வெடிக்கும், இன்னொரு இடத்துல அடைக்கும், அந்த வரிசையில செடி காயும். இங்க வலியே இல்லாம இருபது வருஷம் நடக்கும். அமெரிக்காவுல 50 தாண்டின 9,300க்கும் மேற்பட்டவங்களை வெச்சுப் பண்ண ஆய்வுல, மேல் அளவை 120க்குக் கீழ கொண்டு வந்தவங்களுக்கு, டிமென்ஷியாவுக்கு முந்தின கட்டமான லேசான மறதிக் கோளாறு 19 சதவீதம் குறைவா வந்ததுன்னு 2019ல சொன்னாங்க.

வீட்லயே பார்க்கிறவங்களும் தப்பாத்தான் பார்க்கிறாங்க. மாடிப்படி ஏறி வந்து, காபி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு, பேசிக்கிட்டே பட்டியைச் சுத்தினா அந்த நம்பருக்கு அர்த்தம் இல்லை. காபி குடிச்சு அரை மணி ஆகட்டும். பாத்ரூம் போயிட்டு வா. முதுகு சாய்ஞ்சு, கால் ரெண்டும் தரையில, கால்மேல கால் போடாம அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரு. கை மேஜைமேல, பட்டி நெஞ்சு உயரத்துல, புடவை ரவிக்கைமேல இல்லாம தோல்மேல. பேசாதே. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பாரு. காலை, சாயங்காலம் ஒரு வாரம் எழுதி, அதை டாக்டர்கிட்ட காட்டு. மணிக்கட்டுல கட்டுற மெஷின் வேண்டாம், மேல்கையில சுத்துறதே வாங்கு.

மாத்திரை வாங்க பஸ் ஏறணுமேன்னு நிறுத்திடற அம்மாக்கள் நிறைய. தமிழக அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021லேர்ந்து நடக்குது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வரும், பேரை மட்டும் பதிஞ்சுக்கணும். உப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் தட்டுல இருந்தா அந்த டீஸ்பூன் குழம்புக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. எண்பது தாண்டினவங்க எழுந்து நிக்கும்போது தலை சுத்துதுன்னா பிரஷர் ரொம்ப இறங்குறதா இருக்கலாம், அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

சுகர்ல ஏறுறதைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். இறங்குறதைப் பார்க்க மாட்டோம். சஷ்டி, ஏகாதசின்னு விரதம் இருந்துக்கிட்டு வழக்கமான கிளிமிபிரைடைப் போட்டுக்கிற பாட்டிங்க உண்டு. சுகர் தாறுமாறா இறங்குற ஒவ்வொரு தடவையும் மூளைக்கு அடி. விரதத்துக்கு முந்தின நாளே டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரையை மாத்திக்கணும்.

கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டா ஞாபகம் போயிடும்னு வாட்ஸப்ல சுத்துறதை நம்பாதே. நடு வயசுல கெட்ட கொலஸ்ட்ரால் ஏறிக் கிடக்கிறதுதான் ஆபத்துன்னு சொல்லி, 2024ல லான்செட் குழு அதைப் பட்டியல்லயே சேர்த்துட்டாங்க. சிகரெட்டு, குடி, விறகடுப்புப் புகை, இதைப் பத்தியெல்லாம் உனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். தலையில அடிபடறதைப் பத்தி மட்டும் சொல்லணும். பேரன் வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் போடுவான், பின்னாடி ஒருக்களிச்சு உக்காந்திருக்கிற பாட்டி தலைக்கு வெறும் கொண்டைதான். அவங்களுக்கும் ஒண்ணு வாங்கு. பாத்ரூம்ல பிடிமானக் கம்பி போடு. நடை வாரத்துக்கு 150 நிமிஷம், பேசிக்கிட்டே நடந்தாலும் சரி.

ஆளுக்கு மூணு மாசம்

இதைச் சொன்னா சில பேருக்குக் கோவம் வரும், வரட்டும். அப்பா போனதும் அம்மாவை நாலு பிள்ளைங்க வீட்ல ஆளுக்கு மூணு மாசம்னு பிரிச்சுக்கிறது நியாயம் மாதிரி தெரியும். பிள்ளைங்களுக்கு நியாயம். அம்மாவுக்கு? மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாத்ரூம் எந்தப் பக்கம்னு புதுசா கத்துக்கணும். ஆறாவது மாடி ஃபிளாட்ல கதவைச் சாத்தினா பேச ஆள் இல்லை. ஊர்ல திண்ணையில உக்காந்து பூ கட்டினவங்க இங்க சீரியல் பார்த்துக்கிட்டு தூங்குவாங்க. தனிமையும் அந்த 14ல ஒண்ணு. மறதி லேசா தொடங்கினவங்களை இடம் மாத்திக்கிட்டே இருந்தா குழப்பம் கூடும். முடிஞ்சா ஒரே வீடு, ஒரே அறை. மத்த பிள்ளைங்க அங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும்.

"நீங்க சும்மா உக்காருங்கம்மா"ன்னு கையில இருந்து வேலையைப் பிடுங்காதே. கீரை ஆயட்டும், பால் கணக்கு எழுதட்டும். மெதுவா செய்வாங்க, தப்பாவும் செய்வாங்க, பரவாயில்லை.

மூளைக்கு வேலைன்னா குறுக்கெழுத்துப் போட்டி மட்டும் இல்லை, பாஷையும்தான். ஹைதராபாத்ல 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து டாக்டர் சுவர்ணா அல்லாடி குழு 2013ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரே பாஷை பேசறவங்களைவிட ரெண்டு பாஷை பேசறவங்களுக்கு நாலரை வருஷம் தாமதமா நோய் வந்திருந்தது, பள்ளிக்கூடமே போகாதவங்களுக்கும்கூட. மதுரையில வீட்டுக்குள்ள சௌராஷ்டிரமும் கடையில தமிழும் பேசற பாட்டிக்கும், ஓசூர்ல தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசற தாத்தாவுக்கும் இது சொத்து. "பேரனுக்குப் புரியாது, தமிழ்லயே பேசுங்க"ன்னு அவங்களை அடக்காதே.

வல்லாரைக்கு வர்றேன். கீரையா துவையல் அரைச்சு சாப்பிடு, ருசியா இருக்கும். மாத்திரையா வாங்கி அதை நம்பி மத்ததை விட்டுடாதே. ஜிங்கோங்கிற மூலிகை மாத்திரையை அமெரிக்காவுல மூவாயிரம் பேருக்கும் மேல வருஷக்கணக்கா குடுத்துப் பார்த்தாங்க. டிமென்ஷியாவைத் தடுக்கலைன்னு 2008லயே சொல்லிட்டாங்க. அந்தக் காசுல ஆடியோகிராம் எடுத்துடலாம்.

டிமென்ஷியான்னு முடிவாயிட்டா

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல நரம்பியல் பிரிவு இருக்கு. சென்னைன்னா கிண்டியில 2024ல திறந்த தேசிய முதியோர் நல மையம் இருக்கு. ஸ்கார்ஃப் அமைப்பும் டிமென்ஷியாவுக்குன்னு தனியா சேவை நடத்துது. எங்க போறதுன்னே தெரியலைன்னா 14567, முதியோர் உதவி எண். இப்போ இருக்கிற மாத்திரைங்க நோயை எடுக்காது, சிலருக்குக் கொஞ்ச காலம் நிதானப்படுத்தும். இதைத் தெரிஞ்சுக்கிட்டா, முழுசா குணமாக்கறேன்னு லட்சக்கணக்குல கேக்கிறவங்ககிட்ட மாட்ட மாட்டே.

காகித வேலையை மட்டும் தள்ளிப் போடாதே. பவர் எழுதி வாங்கிட்டா போதும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. எழுதிக் குடுத்தவங்க மனத்தெளிவை இழந்துட்டா சாதாரண பவர் செல்லாது, அப்புறம் கோர்ட் படியேறித்தான் காப்பாளர் உத்தரவு வாங்கணும். அதனால தெளிவா இருக்கும்போதே பேங்க் கணக்கை, யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும்ங்கிற மாதிரி கூட்டுக் கணக்கா மாத்து. நாமினி பேர் எல்லாத்துலயும் சரியா இருக்கான்னு பாரு. பென்ஷன் வாங்குறவங்கன்னா லைஃப் சர்டிபிகேட் எந்த மாசம், எங்க குடுக்கணும்னு எழுதி வை. உயில் எழுதணும்னு அவங்களே சொன்னா, அவங்க இஷ்டப்படியே எழுதட்டும், நீ பக்கத்துல உக்காந்து எடுத்துக் குடுக்காதே. சாட்சி ரெண்டு பேர்ல ஒருத்தர் அவங்களைத் தொடர்ந்து பார்க்கிற டாக்டரா இருந்தா, பின்னாடி எந்தச் சித்தப்பாவும் கேள்வி கிளப்பறது கஷ்டம்.